வண்டி கழுவும் பொறியும் கம்பனிகளின் நிலைபேறும் - ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வண்டியின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதன் எஞ்சினைப் பற்றியும், அதனை உற்பத்தி செய்த தொழிற்சாலையைப் பற்றியும், அது ஓடிய வீதிகளைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் ஓடி முடித்து அழுக்கேறி நின்ற வண்டியைக் கழுவியவர் யாவர், எவ்வளவு நீரைக் கொண்டு கழுவினர், கழுவிய நீர் எங்கே சென்றது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே ஒதுங்கிக் கிடந்தன. சிறியவையாகத் தோன்றும் இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்லும்போது, இன்று கைத்தொழிலுலகில் பெரிதாகப் பேசப்படும் ஒரு விடயத்தை வந்தடைகின்றோம். அதுவே கம்பனிகளின் நிலைபேறு என்னும் கருத்தாகும்.

இயற்கை வளங்களையும் மனித உழைப்பையும் வருங்காலச் சந்ததிக்குக் குறைவின்றி விட்டுவைக்குமாறு தொழில் நடத்துதலே நிலைபேறு எனப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் புறூண்ட்லன் அம்மையாரின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் பின்னரே இச்சொல் உலகெங்கும் பரவியது. அதன்பின் தம்மை நிலைபேறுடையனவாகக் காட்டாத பெருங்கம்பனிகள் அருகிப்போயின. இப்பண்பு கம்பனிகளின் உள்ளத்திற் பிறந்ததா, அன்றி வெளியிலிருந்து அவற்றின்மேற் சுமத்தப்பட்டதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பிரச்சினையாகும். வண்டி கழுவும் பொறிகளை உற்பத்தி செய்யும் தொழில் இதற்கு ஏற்ற சான்றாகும். நீரின்றி இத்தொழில் இல்லை. அதேவேளை நீரை மாசுபடுத்தாமலும் இத்தொழில் நடைபெற முடியாது.

1. தொடக்ககாலம்: பெயரளவில் தானியங்கி

வண்டி கழுவுதல் தனித்தொழிலாக உருப்பெற்ற இடம் மோட்டார் வண்டியின் பிறப்பிடங்களுள் ஒன்றாகிய டெற்றோயிற் நகரமாகும். ஹென்றி ஃபோர்ட்டின் ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில் 1913இல் நகரும் பொருத்துவரிசை அமைக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், 1914இல், அதே நகரில் பிராங் மக்கோர்மிக், ஜே. டபிள்யூ. ஹிங்கிள் என்போர் வண்டி கழுவும் நிலையமொன்றை ஆரம்பித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தானியங்கிச் சலவைச்சாலை' என்னும் பொருள்பட அமைந்தது. எனினும் அங்கு தானாக இயங்கிய பொறி எதுவும் இருக்கவில்லை. வண்டிகளை மனிதர் கையால் தள்ளிச் சென்றனர். ஓரிடத்தில் நின்றவர் சவர்க்காரம் பூச, மற்றோரிடத்தில் நின்றவர் நீரூற்ற, இன்னோரிடத்தில் நின்றவர் துடைத்து உலர்த்தினார். தொழிற்சாலையின் பொருத்துவரிசையில் வேலை சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது போன்றே இங்கும் பிரிக்கப்பட்டிருந்தது. பொறி பிறக்குமுன் பொறியின் ஒழுங்கு பிறந்துவிட்டது எனலாம். அவ்வொழுங்குக்குள் மனிதனே பொறியின் உறுப்பாக நிறுத்தப்பட்டான்.

அக்காலத்து முயற்சிகளுள் மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. மினசோட்டா மாநிலத்துச் செயின்ற் போல் நகரில் 1921 அளவில் சி. பி. போலன்ட் என்பவர் சீமெந்தினாற் பெரியதொரு வட்டக்கிண்ணம் அமைத்து அதில் நீரை நிரப்பினார். வண்டியோட்டி தன் வண்டியை அந்நீருள் இறக்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். கிண்ணத்தின் அடித்தளத்திலிருந்த வரிப்பள்ளங்கள் வண்டியைக் குலுக்க, சில்லுகளிலும் அடிப்பாகத்திலும் ஒட்டிய சேறு கரைந்து வீழும். சேறு படிந்த மண்வீதிகளின் காலத்திற்கு இது பொருந்திய முறையாக இருந்தது. வீதிகள் செப்பனிடப்பட்டதும் அதன் தேவை மறைந்தது. ஒரே நீருள் பல வண்டிகள் இறங்கியேறிய இம்முறையில் நீரின் மீள்பாவனை ஒன்று, எவரும் அதற்குப் பெயரிடாமலே நிகழ்ந்தது. எனினும் அதனைத் தோற்றுவித்தது நீரைப் பேணும் எண்ணமன்று. வேலையை எளிதாக்கும் எண்ணமேயாம்.

2. பொறியின் எழுச்சி

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐக்கிய அமெரிக்காவில் வண்டிகளின் தொகை விரைந்து பெருகியது. கூலியும் உயர்ந்தது. இவ்விரு காரணங்களும் ஒன்றுசேர்ந்து பொறியை வரவழைத்தன. 1946இல் டெற்றோயிற்றில் தோமஸ் சிம்சன் அமைத்த நிலையத்தில் வண்டியை இழுத்துச் செல்லும் சங்கிலியும், மேலிருந்து நீர் தெளிக்கும் குழாய்களும், ஆட்கள் இயக்கும் மூன்று தொகுதித் தூரிகைகளும், 50 பரிவலுக் காற்றூதியும் இருந்தன. ஆட்களின் தொகை குறைந்ததாயினும் அவர்கள் முற்றாக நீங்கவில்லை. 1951இல் சியாற்றில் நகரில் அண்டர்சன் சகோதரர் மூவர் அமைத்த நிலையமே மனிதக் கை படாது வண்டியைக் கழுவிய முதல் நிலையமெனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. ஒரேகன் மாநிலத்தில் 1950களின் நடுப்பகுதியில் இத்தொழிலில் இறங்கிய டான் ஹனா என்பவர், பிறர்க்குப் பொறிகளை உற்பத்தி செய்து விற்கும் கைத்தொழிலாக இதனை வளர்த்தார். வண்டியைச் சுற்றி வளைந்து தேய்க்கும் தூரிகை, மென்துணிகொண்டு கழுவும் முறை ஆகியவற்றுடன் கழுவிய நீரை மீளச் சுழற்றும் அமைப்பும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது.

ஐரோப்பாவில் இத்தொழில் வேறொரு வழியில் வளர்ந்தது. அமெரிக்க நிலையத்தில் பொறி நிலைத்து நிற்க வண்டி நகர்ந்தது. இடநெருக்கடி மிக்க ஐரோப்பிய நகரங்களில் வண்டி நிற்க, பொறி அதனைச் சுற்றி நகர்தலே வசதியாயிற்று. மேற்கு ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த கெப்ஹார்ட் வைகலே, யொஹான் சுல்ஸ்பேர்கர் என்னும் இருவர் இரண்டு சுழல் தூரிகைகளைக் கொண்டு வண்டியைக் கழுவும் தானியங்கிப் பொறிக்கு 1962இல் காப்புரிமை பெற முனைந்தனர். பெற்றோல் நிரப்பும் நிலையத்தின் ஒரு மூலையிலேயே பொருத்தக்கூடிய இவ்வகைப் பொறி விரைவில் ஐரோப்பா எங்கும் பரவியது. அந்நகரம் இன்றும் இத்தொழிலின் தலைமையிடங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. முன்னர் போட்டியிட்ட இரு ஜேர்மன் கம்பனிகளின் இணைப்பால் உருவாகிய வொஷ்ரெக் கம்பனியின் தலைமையகம் அங்கேயே உள்ளது.

அதியமுக்க நீர்ப்பாய்ச்சியின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. அல்பிரட் கேர்ஹர் என்னும் பொறியியலாளர் 1935இல் ஸ்ருற்காட் நகரின் பகுதியாகிய பாட் கான்ஸ்ராற்றில் ஆரம்பித்த கம்பனி, போர்க்காலத்தில் ஜேர்மன் விமானங்களின் எஞ்சின்களைச் சூடாக்கும் கருவிகளை உற்பத்தி செய்தது. தோல்வியின் பின்னர் அடுப்பு, கைவண்டி முதலிய அன்றாடப் பொருள்களைச் செய்து உயிர்பிழைத்தது. 1950இல் அது ஐரோப்பாவின் முதலாவது சுடுநீர் அதியமுக்கக் கழுவியை உருவாக்கியது. 1959இல் அவர் மறைந்தபின் அவருடைய மனைவி இரேனே நிறுவனத்தை நடத்தினார். 1974இல் கம்பனி ஏனைய உற்பத்திகளைக் கைவிட்டு அதியமுக்கக் கழுவிகளிலேயே முழுக்கவனமுஞ் செலுத்தியது. 1984இல் வீட்டுப் பாவனைக்குரிய சிறிய பொறியொன்றைச் சந்தைக்கு விட்டது. அமுக்கம் கூடுமிடத்துக் குறைந்த நீரே போதுமானது என்பது இப்பொறியின் அடிப்படை இயல்பாகும். எனினும் அக்காலத்தில் அது நேரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும் பொறியாகவே மதிக்கப்பட்டது. நீரை மிச்சப்படுத்துதல் பின்னரே சிறப்பிடம் பெற்றது.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓருண்மை புலனாகின்றது. நீரைக் குறைத்தற்கும் மீளப் பயன்படுத்தற்கும் வேண்டிய தொழினுட்ப அறிவு இத்தொழிலின் இளமைக்காலத்திலேயே தோன்றிவிட்டது. எனினும் அவ்வறிவு பரவலாகப் பயன்படவில்லை. குழாய்நீர் மலிவாகவும், கழிவுநீரை வடிகானில் விடுதல் இலவசமாகவும் இருந்தவரை மீள்சுழற்சி அமைப்புக்குப் பணஞ் செலவிட எந்த உரிமையாளருக்கும் காரணம் இருக்கவில்லை. வாங்குவோர் கேளாத பொருளை விற்க எந்தக் கம்பனியும் முயலவுமில்லை.

3. நுரையும் சட்டமும்

இந்நிலையை மாற்றியது ஆறுகளின் நிலையாகும். போருக்குப் பின் சவர்க்காரத்தின் இடத்தைச் செயற்கை அழுக்ககற்றிகள் கைப்பற்றின. அவற்றுட் பெரும்பகுதி கிளைத்த சங்கிலி அமைப்புடைய மூலக்கூறுகளாலானவை. நுண்ணுயிர்களால் அவற்றை எளிதிற் சிதைக்க முடியவில்லை. விளைவாக 1950களில் மேற்கு ஜேர்மனியின் ஆறுகளிலும் நீர்க்கதவுகளின் கீழும் வெண்ணுரை மலைபோற் குவிந்தது. வீட்டுச் சலவையே இதற்கு முதற்காரணமாயினும் அழுக்ககற்றியைப் பயன்படுத்திய எல்லாத் தொழில்களுக்கும் இதிற் பங்குண்டு. 1961இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அழுக்ககற்றிகள் பற்றிய சட்டமொன்றை நிறைவேற்றியது. அதன்கீழ் வந்த ஒழுங்குவிதி, அழுக்ககற்றிகளிலுள்ள குறித்த வகைப் பொருள்கள் குறைந்தது 80 வீதமேனும் நுண்ணுயிர்களாற் சிதைவனவாய் இருத்தல் வேண்டுமென விதித்தது. இவ்விதி 1964ஆம் ஆண்டு ஒக்ரோபரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நேர்ச்சங்கிலி அமைப்புடைய புதிய மூலக்கூறுகள் பழையவற்றின் இடத்தைப் பிடித்தன. நுரையும் அடங்கியது. 1975இல் நிறைவேறிய பிறிதொரு சட்டமும், 1980இல் பொசுபேற்றின் அளவை வரையறுத்த விதியும் இதனைத் தொடர்ந்தன.

நீர்ச்சட்டமும் இதேபோன்று படிப்படியாக இறுகியது. நீர்வளங்களின் நிர்வாகம் பற்றிய 1957ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் இன்றி நீர்நிலைகளைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 1976இல் நிறைவேறிய சட்டம், நீர்நிலைகளிற் கழிவுநீரை விடுவோர் அதன் மாசுத்தன்மைக்கேற்ப வரி செலுத்த வேண்டுமென்றது. 1981 முதல் அவ்வரி அறவிடப்பட்டது. மாசுபடுத்துவோரே விலை கொடுத்தல் வேண்டும் என்னும் நியதி இதனாற் கணக்கேட்டில் ஒரு பத்தியாக இடம்பெற்றது. காலப்போக்கில், கனிய எண்ணெய் கலந்த கழிவுநீருக்கான ஜேர்மன் ஒழுங்குவிதி, வண்டி கழுவும் பொறிகளின் நீர் பெருமளவுக்கு மீளச் சுழற்றப்படல் வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. வெளிவிடப்படும் நீரில் ஐதரோக்காபன்களின் அளவு லீற்றருக்கு 20 மில்லிகிராமினை விஞ்சலாகாது எனவும் வரையறுத்தது. அத்துடன் வீதியோரத்தில் வண்டி கழுவுதலை உள்ளூராட்சி மன்றங்கள் பலவும் தடைசெய்தன. தெருவிற் கழுவிய நீர் மழைநீர் வடிகானூடாக நேரே ஆற்றுக்குச் செல்வதே அதற்குக் காரணமாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1969இல் கிளீவ்லன்ட் நகரருகே கயஹோகா ஆற்றின் மேற்பரப்பில் மிதந்த எண்ணெய்க்கழிவு தீப்பற்றியமை மக்களின் கவனத்தை ஈர்த்தது. 1972இல் தூயநீர்ச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் கழுவு நிலையத்தின் கழிவுநீர் உரிமையாளரின் சொந்த விடயமாக இருக்க முடியவில்லை. அது பொதுச்சட்டத்தின் விடயமாயிற்று.

4. மீள்சுழற்சியின் இயல்பு

சட்டம் கேட்டதைப் பொறி எவ்வாறு நிறைவேற்றியது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. கழுவிய நீரில் மண், எண்ணெய், அழுக்ககற்றி ஆகியவற்றோடு, தடுப்புக்கட்டைகளிலிருந்து உதிர்ந்த செம்பும், ரயர்களிலிருந்து தேய்ந்த நாகமும் கலந்திருக்கும். இந்நீர் முதலில் நிலத்தடித் தொட்டியொன்றில் தேங்கி நிற்க, மணல் அடியிற் படியும். அடுத்த தொட்டியில் நீரினும் அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே மிதக்க, அது பிரித்தெடுக்கப்படும். பின்னர் நீர் பரல்மணல் வடியினூடாகச் செலுத்தப்படும். அல்லது காற்றூட்டப்பட்ட தொட்டியில் நுண்ணுயிர்களாற் சுத்திகரிக்கப்படும். காற்றூட்டாவிடின் ஒட்சிசனின்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகி நீர் நாற்றமெடுக்கும். இவ்வாறு தெளிந்த நீர் முதற்கழுவலுக்குப் பயன்படுத்தப்படும். கரைந்த உப்புக்களை இம்முறைகள் அகற்றுவதில்லை ஆதலின், இறுதி அலசலுக்குப் புதுநீர் வேண்டியதாகும். உப்புப் படிந்த நீரால் அலசினால் வண்டியின்மேல் வெண்புள்ளிகள் தோன்றும்.

இங்கு ஒரு நுணுக்கமான சிக்கல் எழுந்தது. எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஆற்றலே அழுக்ககற்றியின் சிறப்பாகும். ஆனால் அவ்வாறு நீருடன் நுண்துளிகளாகக் கலந்துவிட்ட எண்ணெய், பிரிக்குந் தொட்டியில் மேலே மிதக்காது. அழுக்ககற்றி எவ்வளவு சிறந்ததோ அவ்வளவுக்குப் பிரிதொட்டி பயனற்றதாயிற்று. எனவே வண்டியில் எண்ணெயைப் பற்றிப் பின் தொட்டியில் விரைவாக விட்டுவிடும் தன்மையுடைய அழுக்ககற்றிகளை இரசாயனக் கம்பனிகள் உருவாக்க நேர்ந்தது. பொறி உற்பத்தியாளர், இரசாயன உற்பத்தியாளர், நிலைய உரிமையாளர் ஆகிய மூவரும் ஒத்துழைத்தாலன்றி நீர் தூய்மையடையாது என்பது இதனாற் புலப்பட்டது. நிலைபேறு என்பது தனியொரு கம்பனியின் குணமன்று. பல கைகள் சேர்ந்து தாங்கும் ஓரமைப்பின் குணமாகும்.

5. வரட்சி கற்பித்த பாடம்

மாசு முதற் காரணமெனின் பற்றாக்குறை இரண்டாவது காரணமாகும். அவுஸ்திரேலியாவை 21ஆம் நூற்றாண்டின் முதற் தசாப்தத்தில் நெடுங்காலம் வாட்டிய வரட்சியின்போது, மெல்பேர்ண் நகரில் 2007ஆம் ஆண்டு நடைமுறையிலிருந்த கட்டுப்பாட்டின்படி வீட்டில் வண்டியின் கண்ணாடிகளையும் விளக்குகளையுமே கழுவலாம். முழு வண்டியையும் கழுவல் ஆகாது. 2018இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுன் நகரம் குழாய்நீர் முற்றாக நின்றுபோகும் நாளை எண்ணிக் காத்திருந்த வேளையில், நகராட்சியின் குடிநீரால் வண்டி கழுவுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. கலிபோர்னியா மாநிலம் 2012இல் நிறைவேற்றிய சட்டம், 2014 சனவரி 1ஆந் திகதிக்குப் பின்னர் அமைக்கப்படும் தானியங்கிக் கழுவு நிலையங்கள் தம் நீரில் குறைந்தது 60 வீதத்தையேனும் மீளச் சுத்திகரித்துப் பயன்படுத்துதல் வேண்டும், அல்லது நீர் வழங்குவோரிடமிருந்து அவ்வளவு மீள்சுத்திகரிப்பு நீரைப் பெற்றுப் பயன்படுத்துதல் வேண்டும் என விதித்தது.

இத்தகைய வேளைகளிலே பொறிக் கம்பனிகளின் பேச்சும் மாறியது. முன்னர் விரைவும் பளபளப்புமே விளம்பரங்களில் இடம்பெற்றன. பின்னர் வீட்டிற் கழுவுவதினும் எம் பொறியிற் கழுவுவதே சூழலுக்கு உகந்தது என்னும் வாதம் முன்வைக்கப்பட்டது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிமிடத்துக்கு 15 லீற்றர் பாயும் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவைப்பின் 150 லீற்றர் செலவாகும். அவ்வளவும் அழுக்கோடு நிலத்துக்கோ வடிகானுக்கோ செல்லும். மீள்சுழற்சி அமைப்புடைய பொறி அதனினும் மிகக் குறைந்த புதுநீரைக் கொண்டே வண்டியைக் கழுவும். எஞ்சும் அழுக்கும் பிடித்துவைக்கப்படும். எனினும் இவ்வுண்மையைத் தோற்றுவித்தது விளம்பரம் எழுதிய கம்பனி மட்டுமன்று. அதனை அந்நிலைக்குத் தள்ளிய சட்டமும் நீரின் விலையுமாம். மீள்சுழற்சி அமைப்பு இல்லாத பொறிக்கு இவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது என்பதும் மறத்தற்குரியதன்று.

6. அறிக்கைகளின் காலம்

1990களிலிருந்து சூழற்பொறுப்பு எழுத்துருப் பெற்றது. ஐரோப்பிய சமூகம் 1993இல் சுற்றாடல் முகாமைத்துவத்துக்கும் கணக்காய்வுக்குமான திட்டமொன்றை ஏற்படுத்தியது. 1996இல் ஐ.எஸ்.ஓ. 14001 என்னும் சர்வதேச நியமம் வெளிவந்தது. கம்பனிகளின் நிலைபேற்று அறிக்கைகளுக்கு வழிகாட்டும் நிறுவனமொன்று 1997இல் உருவாகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இலும், மேலும் விரிவாக 2022இலும் இத்தகைய அறிக்கைகளைப் பெருங்கம்பனிகளுக்குக் கட்டாயமாக்கியது. ஆயினும் 2025 பெப்ருவரியில் ஐரோப்பிய ஆணைக்குழுவே அவ்விதிகளைத் தளர்த்தும் பிரேரணைகளை முன்வைத்தமை, இத்துறையில் முன்னேற்றம் நேர்கோட்டிற் செல்வதில்லை என்பதற்குச் சான்றாகும்.

அறிக்கை எழுதும் வழக்கம் இத்தொழிலில் ஓரடிப்படை வினாவை எழுப்பியது. பொறியை உற்பத்தி செய்யுந் தொழிற்சாலையின் மின்சாரத்தையும் உருக்கையும் கணக்கிடுதல் எளிது. ஆனால் விற்கப்பட்ட பொறி பல்லாண்டு காலம் பிறருடைய நிலையத்தில் ஓடி, நாள்தோறும் நீரையும் மின்சாரத்தையும் அழுக்ககற்றியையும் செலவிடுகின்றது. அச்செலவு யாருடைய கணக்கைச் சாரும்? பசுமைஇல்ல வாயுக்களைக் கணக்கிடுவதற்கென 2011இல் வெளிவந்த நியமமொன்று, விற்ற பொருளின் பாவனையால் எழும் வாயுவையும் விற்றவரின் பெறுமதிச் சங்கிலியிற் சேர்த்தது. இந்நோக்கு ஏற்கப்படுமாயின், பொறி தொழிற்சாலைக் கதவைத் தாண்டியதும் உற்பத்தியாளரின் பொறுப்பு முடிவடைவதில்லை. நீரைப் பொறுத்தவரையிலும் இதே நியாயம் பொருந்தும்.

7. இரு எதிர்வாதங்கள்

மேற்கூறிய முன்னேற்றத்தை முழுமையாக ஏற்பதற்குமுன் இரு எதிர்வாதங்களை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பொருளியலறிஞர் நன்கறிந்தது. 1865இல் நிலக்கரி பற்றி எழுதிய ஆங்கிலேய அறிஞர் ஜெவொன்ஸ், எஞ்சினின் திறன் கூடுமிடத்து நிலக்கரியின் நுகர்வு குறையாது பெருகும் எனக் காட்டினார். மலிவாகும் பொருள் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் என்பதே அவர் கண்ட காரணம். வண்டி கழுவுதலிலும் இதே போக்குக்கு இடமுண்டு. மாதாந்தம் குறித்த தொகையைச் செலுத்தி எத்தனை முறையும் கழுவிக்கொள்ளும் சந்தாமுறை ஐக்கிய அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் பெரிதும் பரவியுள்ளது. ஒரு கழுவலுக்குரிய நீர் பாதியாகக் குறைந்து, கழுவலின் தொகை இரட்டிப்பாகுமெனின், ஆற்றுக்கு எவ்வித இலாபமும் இல்லை. கழுவல் ஒன்றுக்கு இத்தனை லீற்றர் என அறிக்கையிற் காட்டப்படும் எண் குறைந்துகொண்டே செல்ல, மொத்த நுகர்வு கூடிக்கொண்டே செல்லவும் கூடும். முதலாவது எண்ணை மட்டும் வெளியிடும் அறிக்கை பொய்யுரைப்பதன்று. ஆயினும் முழுமையையும் அது கூறவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் மனித உழைப்பைப் பற்றியது. பொறி வந்தபின் கைக்கழுவல் மறையும் என்றே பொதுவாக எதிர்பார்க்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 21ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் அங்கு கைக்கழுவல் நிலையங்கள் காளான்போல் முளைத்தன. பெற்றோல் நிலையங்களிலிருந்த தானியங்கிப் பொறிகள் பலவும் கைவிடப்பட்டன. பாராளுமன்றத்தின் சுற்றாடற் கணக்காய்வுக் குழு 2018 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் 10,000 முதல் 20,000 வரையிலான கைக்கழுவல் நிலையங்கள் இருக்கலாமெனக் கூறியது. அவற்றுட் பலவற்றில் குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் குறைந்த கூலிக்கும் சிலவிடத்து அடிமைநிலைக்கும் உட்படுத்தப்படுவதையும், கழுவிய நீர் மழைநீர் வடிகானூடாக ஆறுகளைச் சேர்வதையும் அது ஒருங்கே சுட்டிக்காட்டியது. கலிபோர்னியாவிலும் இத்தொழிலாளரின் கூலிப் பிரச்சினை காரணமாகக் கழுவு நிலையங்களைப் பதிவு செய்யும் சட்டம் 2003இல் வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. பொறியை வரவழைத்தது கூலி உயர்வு என முன்னர் கண்டோம். கூலி வீழுமிடத்துப் பொறி பின்வாங்குகின்றது என்பதை ஐக்கிய இராச்சியத்தின் அனுபவம் காட்டுகின்றது. மனிதனின் உழைப்பு நீர்வடியினும் தூரிகையினும் மலிவாகும்போது எந்தத் தொழினுட்பமும் தன் சிறப்பினால் மட்டும் நிலைத்து நிற்பதில்லை. ஆறு மாசுபடுவதும் தொழிலாளி சுரண்டப்படுவதும் இருவேறு குற்றங்களல்ல. சட்டத்தின் கண் படாத ஒரே முற்றத்தில் ஒருங்கே நிகழ்வன. தொழிலாளியை மறந்து நீரை மட்டும் காக்கும் நிலைபேறு, குறைபட்ட நிலைபேறேயாகும்.

முடிவுரை

டெற்றோயிற்றில் வண்டியைக் கையாற் தள்ளிய காலம் முதல் கணினி கட்டுப்படுத்தும் பொறியின் காலம் வரையுள்ள ஒரு நூற்றாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, இத்தொழிலில் நிலைபேற்றுக்குரிய அறிவு கம்பனிகளிடமிருந்தே பெரிதும் தோன்றியது. அதனை மறுத்தல் நீதியன்று. மீள்சுழற்சித் தொட்டியையும் அதியமுக்கப் பாய்ச்சியையும் அரசாங்கங்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது, அவ்வறிவு பயனுக்கு வந்தது சட்டமும் வரியும் நீரின் விலையும் பொதுமக்களின் விழிப்பும் ஒன்றுசேர்ந்த பின்னரே. அறிவு தோன்றியமைக்கும் அது பரவியமைக்கும் இடையிலான காலம், சட்டம் தாமதித்த காலமாகும். அத்தாமதத்தின் விலையை ஆறுகள் செலுத்தின. மூன்றாவது, ஒரு கழுவலின் நீர், ஒரு பொறியின் மின்சாரம் என்னும் சிறு அளவைகளால் மட்டும் நிலைபேற்றை மதிப்பிட முடியாது. மொத்த நுகர்வும், கழுவும் மனிதனின் வாழ்வும் அக்கணக்கிற் சேர்தல் வேண்டும்.

கம்பனியின் நல்லெண்ணத்தை நம்புவோரும், அதனை முற்றாக நிராகரிப்போரும் இவ்வரலாற்றில் தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடும். வரலாறு அவ்விரு சாராருக்கும் முழுமையாக இடங்கொடுப்பதில்லை. அவுக்ஸ்பேர்க்கிலே செய்யப்பட்ட ஒரே பொறி, நீருக்கு விலை உள்ள ஊரில் தன் நீரை மீளச் சுழற்றி ஓடுகின்றது. விலை இல்லாத ஊரில் அதே பொறி மீள்சுழற்சித் தொட்டியின்றியே விற்கப்படலாம். வேறுபாடு பொறியிலன்று, அது சென்று சேர்ந்த சமூகத்திலேயே உள்ளது. ஆதலின் ஒரு கம்பனி எவ்வளவு நிலைபேறுடையது என்று வினவுவோர், அதன் பொறிகள் ஓடும் ஊர்களின் சட்டங்கள் எத்தகையன என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். அவ்விரண்டாவது வினாவுக்கு விடைகூறும் பொறுப்பு கம்பனிகளை மட்டுஞ் சார்ந்ததன்று. அவ்வூர்களின் குடிமக்களையும் சார்ந்ததாகும்.